மந்தை மடக்கும் மதியூகி

நாய் நன்றியுள்ள பிராணி என்பது பாலர் வகுப்பிலேயே நாம் எல்லோரும் படித்த பாடம். ஆனால், அந்த நன்றிக்குக் கைம்மாறாக நாம் அதற்கு அளிக்கும் வாழ்வு அதன் இயல்புக்கு ஏற்றதுதானா என்று எந்த வகுப்பிலும் எவரும் நம்மைக் கேட்டதில்லை. அந்தக் கேள்வியை இவ்வாரம் ஒரு கடிதம் நம் முன் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது.

கடிதம் எழுதியவர் மலைநாட்டுப் பாடசாலை ஒன்றில் ஆசிரியராகப் பணியாற்றும் அன்பர். அவருடைய மகள் ஒன்பதாம் வகுப்பு மாணவி. 1995ஆம் ஆண்டில் வெளியான ‘பேப்’ என்னும் ஆங்கிலத் திரைப்படத்தை அவள் அண்மையில் பார்த்தாளாம். பன்றிக்குட்டி ஒன்று ஆடுகளை மடக்கக் கற்றுக்கொள்ளும் கதை அது. அந்தக் குட்டிக்குத் தாயைப் போல் அமைந்து வழிகாட்டும் கறுப்பும் வெள்ளையுமான நாய் அவளுடைய உள்ளத்தைக் கொள்ளைகொண்டுவிட்டது. ‘போர்டர் கொலி’ என்னும் அந்த இனத்துக் குட்டி ஒன்றைத் தாம் வாங்கித் தருவதாக உறவினர் ஒருவரும் வாக்களித்துவிட்டார். தந்தைக்கோ தயக்கம். அவர் எழுதுகிறார்:

“அது மலையில் வாழும் நாய் என்கிறார்கள். நாங்களும் குளிர்ந்த மலையில்தான் வாழ்கிறோம். ஆனால் எங்கள் வளவு சிறியது. நானும் மனைவியும் பிற்பகல் இரண்டு மணிவரை வீட்டில் இருப்பதில்லை. பிள்ளையின் ஆசையை முறிக்கவும் மனம் இல்லை. இந்நாய் எங்களிடம் நன்றாக வளருமா?”

ஒரே சொல்லில் இதற்கு விடை கூறிவிடலாம். ஆனால், ஒரே சொல் விடை தந்தைக்குப் போதுமானதாயினும், மகளுக்குப் போதாது. ஏன், எதனால் என்று அறிந்துகொள்ளும் உரிமை அவளுக்கு உண்டு. ஆகவே, அவளையும், அவளைப் போன்ற மாணவ மாணவியரையும் மனத்திற்கொண்டு, இந்நாய் பிறந்த மலைக்கே முதலிற் போய் வருவோம்.

பிறந்த மண்

இங்கிலாந்துக்கும் ஸ்கொட்லாந்துக்கும் இடையிலே எல்லைக்கோடாக நீண்டு கிடப்பவை செவியட் குன்றுகள். ‘போர்டர்’ என்னும் சொல்லுக்கு எல்லை என்பது பொருள். நாயின் பெயரில் அச்சொல் ஒட்டிக்கொண்டது இந்த எல்லைப்புறத்தை முன்னிட்டே. நம்முடைய மலைநாட்டைப் போல் தேயிலையும் மரங்களும் அடர்ந்த மலைகள் அல்ல அவை. புல்லும் புதரும் மூடிய வெறுங்குன்றுகள்; சில இடங்களிற் சதுப்பு நிலம்; ஆண்டின் பெரும்பகுதியும் ஈரக்காற்று; மாரியிலே பனி. உழுது பயிரிட அந்நிலம் உதவாது. அங்கு விளையக்கூடியது ஒன்றே ஒன்றுதான், அது செம்மறியாடு.

அந்த ஆடுகள் வேலியும் பட்டியும் இன்றி மைற்கணக்கிற் பரந்து மேயும். ஒரே மேய்ப்பனின் பொறுப்பில் பல நூறு ஆடுகள் இருக்கும். உரோமம் கத்தரிக்கவும், மருந்து கொடுக்கவும், குட்டி ஈனும் பருவத்திலே கண்காணிக்கவும், பனி கொட்டுமுன் தாழ்நிலத்துக்குக் கொண்டுவரவும் அவற்றை ஒன்றுதிரட்டியாக வேண்டும். மலையாடோ மனிதனைக் கண்டதும் மேல் நோக்கி ஓடும் இயல்புடையது. பத்து மனிதர் நாள் முழுவதும் ஓடினாலும் முடியாத வேலையை, ஒரு மனிதனும் ஒரு நாயும் ஒரு காலைப்பொழுதில் முடித்துவிடுவர். நாய் இல்லையேல் அம்மலைகளில் ஆட்டுத்தொழிலே இல்லை எனலாம்.

இங்கு ஒரு வேறுபாட்டை மாணவர்கள் மனத்திற் பதித்துக்கொள்ளவேண்டும். மலை மந்தைகளோடு வாழும் நாய்கள் இரு வகைப்படும். ஒன்று காவல் நாய். பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் இடைப்பட்ட பிரனீஸ் மலையிலும், இத்தாலியிலும், துருக்கியிலும் இத்தகைய பெரிய நாய்கள் உள்ளன. அவை குட்டிப்பருவம் தொட்டு ஆடுகளுடனேயே உண்டு உறங்கி, ஓநாய் வந்தால் எதிர்த்து நிற்பவை. மற்றையது மேய்ப்பு நாய். இது ஆட்டோடு வாழ்வதில்லை, மனிதனோடு வாழ்வது. மனிதனின் கட்டளைப்படி ஆட்டைத் திரட்டுவதும் செலுத்துவதும் பிரிப்பதுமே இதன் தொழில். பிரித்தானியாவில் ஓநாய்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அற்றுப்போய்விட்டன. ஆதலால் அங்கே காவல் நாயின் தேவை குன்றி, மேய்ப்பு நாயின் திறமையே பெருகி வளர்ந்தது.

அத்திறமைக்கு எடுத்துக்காட்டாக ஒரு சம்பவத்தைக் கூறலாம். ஜேம்ஸ் ஹொக் (1770–1835) என்பவர் ஸ்கொட்லாந்தின் எற்றிக் பிரதேசத்தில் ஆடு மேய்த்தவர். பின்னர் பெரும் கவிஞராகப் புகழ் பெற்றவர். அவரிடம் ‘சிரா’ என்றொரு நாய் இருந்தது. தாயிடமிருந்து பிரிக்கப்பட்ட சுமார் 700 ஆட்டுக்குட்டிகள் ஒரு நள்ளிரவில் வெருண்டு, மூன்று கூட்டமாகப் பிரிந்து, குன்றுகளின் மேல் ஓடி மறைந்துவிட்டன. மையிருட்டு. ஹொக்கும் அவருடைய துணையாளும் விடியும்வரை தேடியும் ஒன்றையும் காணவில்லை. நாயும் இருளில் எங்கோ போய்விட்டது. எசமானிடம் சென்று எல்லாம் பறிபோயிற்று என்று சொல்வதைத் தவிர வேறு வழியில்லை என எண்ணித் திரும்பும்போது, ஓர் ஆழமான பள்ளத்தில் குட்டிகள் கூட்டமாக நிற்பதையும், அவற்றின் முன்னே சிரா நின்று உதவியை எதிர்பார்த்துச் சுற்றுமுற்றும் பார்ப்பதையும் கண்டனர். மூன்று கூட்டங்களில் ஒன்றையாவது நாய் காப்பாற்றியதே என்று மகிழ்ந்து அருகே சென்று பார்த்தால், அத்தனை குட்டிகளும் அங்கே நின்றன, ஒன்றுகூடக் குறையவில்லை! இருளில், ஏவுவார் இன்றி, தனியாக அதனை எவ்வாறு அந்நாய் சாதித்தது என்பது தமக்கு விளங்கவே இல்லை என ஹொக் எழுதிவைத்துள்ளார்.

குலமுதல்வன்

அக்காலத்து மேய்ப்பு நாய்களுக்கு நிறமோ உருவமோ ஒரு பொருட்டன்று. வேலை செய்யும் நாய்க்கு வேலை செய்யும் நாயை இணைசேர்ப்பர், அவ்வளவே. அவ்வாறு இணைசேர்த்தவர்களில் ஒருவர் நோர்தம்பலாந்தைச் சேர்ந்த அடம் டெல்பர். அவரிடம் ‘ரோய்’ என்ற ஆண் நாய் இருந்தது. குணத்தில் இனியது, ஆனால் வேலையில் நடுத்தரம். ‘மெக்’ என்ற பெண் நாய் கூச்ச சுபாவம் உடையது. ஆனால் அதன் பார்வைக்கு ஆடுகள் கட்டுண்டு நிற்கும். இவ்விரண்டுக்கும் 1893ஆம் ஆண்டு பிறந்த குட்டிக்கு ‘ஹெம்ப்’ என்று பெயரிட்டனர். தந்தையின் இனிமையும் தாயின் பார்வையும் அளவோடு கலந்த அந்நாய், குரைத்தும் கடித்தும் ஆட்டை வெருட்டாமல், அமைதியாகப் பணிந்து, பார்வையாலேயே மந்தையைச் செலுத்தியது. கண்ட மேய்ப்பர் எல்லோரும் அதன் வாரிசை விரும்பினர். 1901இல் அது இறக்குமுன் சுமார் 200 குட்டிகளுக்குத் தந்தையாயிற்று. இன்று உலகில் வாழும் போர்டர் கொலி நாய்கள் அனைத்தும் ஏறக்குறைய ‘பழைய ஹெம்ப்’ என வழங்கும் அந்த ஒரே நாயின் வழிவந்தவை.

இதற்கு முன்பே, 1873ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில், வேல்ஸ் நாட்டின் பாலா என்னும் ஊரில் பிரித்தானியாவின் முதலாவது மேய்ப்பு நாய்ப் போட்டி நடைபெற்றது. பத்து நாய்கள் பங்குபற்றின. வென்றவர் வேல்ஸிற் குடியேறியிருந்த ஜேம்ஸ் தொம்சன் என்ற ஸ்கொட்லாந்துக்காரர். அவருடைய நாயின் பெயர் ‘ட்வீட்’. 1906இல் சர்வதேச மேய்ப்பு நாய்ச் சங்கம் நிறுவப்பட்டது. அச்சங்கத்தின் செயலாளராயிருந்த ஜேம்ஸ் ரீட் என்னும் சட்டத்தரணியே 1915இல் இவ்வினத்துக்குப் ‘போர்டர் கொலி’ என்ற பெயரை வழங்கியவர் என்பர். ஆகவே நாய் பழையது, பெயர் புதியது.

கண்ணாற் கட்டும் வித்தை

இந்நாய் வேலை செய்வதைக் காண்பது ஒரு தனி அனுபவம். மேய்ப்பன் குன்றின் அடியில் நிற்கிறான். ஆடுகள் சுமார் 400 யார் தூரத்தில் மேய்கின்றன. ஒரு சொல் கேட்டதும் நாய் புறப்படுகிறது. நேரே ஆட்டை நோக்கி ஓடினால் ஆடு சிதறிவிடும் என்பது அதற்குத் தெரியும். ஆதலால் அகன்று வளைந்து ஓடி, ஆடுகளின் பின்புறத்தை அடைந்து, அங்கே தணிந்து நிற்கிறது. பிறகு தலையைத் தாழ்த்தி, ஒரு முன்னங்காலைத் தூக்கியபடி, கண் இமையாது ஆடுகளை நோக்கி அடிமேல் அடி வைத்து நகர்கிறது. ஆடுகள் தலை நிமிர்ந்து பார்க்கின்றன, ஒன்றுகூடுகின்றன, மேய்ப்பனை நோக்கி நடக்கத் தொடங்குகின்றன. குரைப்பொலி இல்லை; ஆரவாரம் இல்லை.

மேய்ப்பனிடம் உள்ள கருவி சீழ்க்கை ஒன்றே. ஒரு வகைச் சீழ்க்கைக்கு நாய் வலஞ்சுழியாகச் சுற்றும். மற்றொரு வகைக்கு இடஞ்சுழியாகச் சுற்றும். இன்னொன்றுக்கு அப்படியே நிலத்தோடு நிலமாகப் படுத்துவிடும். மந்தையிலிருந்து குறித்த சில ஆடுகளைப் பிரித்தெடுக்கவும், பட்டிக்குள்ளே அடைக்கவும் அதற்குத் தெரியும். எல்லாவற்றிலும் முக்கியமான ஆணை கடைசி ஆணை. ‘போதும், வா’ என்று பொருள்படுவது. அதனைக் கேட்ட கணமே, எத்துணை உற்சாகத்தில் இருந்தாலும், ஆட்டை விட்டுவிட்டு எசமானின் காலடிக்குத் திரும்பிவிடவேண்டும். அவ்வாறு திரும்பக் கற்காத நாயை எந்த மேய்ப்பனும் முழுத் தேர்ச்சி பெற்றதாகக் கொள்ளமாட்டான்.

இவ்வித்தை எங்கிருந்து வந்தது? நாயின் மூதாதை ஓநாய். ஓநாய் இரையை நோக்கும், பதுங்கும், துரத்தும், கடிக்கும், கொல்லும். இத்தொடரில் நோக்குவது, பதுங்குவது, துரத்துவது ஆகிய மூன்றையும் வளர்த்து, கடிப்பதையும் கொல்வதையும் அடக்கி, தலைமுறை தலைமுறையாக மனிதன் தேர்ந்தெடுத்து உருவாக்கியதே மேய்ப்பு நாய். வேட்டையின் வேகம் அதன் இரத்தத்தில் அப்படியே இருக்கிறது. வேட்டையின் முடிவு மட்டுமே மாற்றப்பட்டிருக்கிறது. இந்த உண்மையை நாம் மறக்கலாகாது. பின்னால் வரப்போகும் விடைக்கு இதுவே அடிப்படை.

சொல்லறியும் திறன்

இதன் அறிவாற்றலை விஞ்ஞானிகளும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ஜேர்மனியில் ‘ரிக்கோ’ என்றொரு போர்டர் கொலி இருநூறுக்கு மேற்பட்ட பொருள்களைப் பெயர் சொன்னதும் எடுத்துவரும் என்பது 2004ஆம் ஆண்டு ‘சயன்ஸ்’ என்னும் ஆராய்ச்சிச் சஞ்சிகையில் வெளியாயிற்று. தான் அறிந்த பொருள்களுக்கிடையே அறியாத பொருள் ஒன்றை வைத்து, அறியாத பெயர் ஒன்றைக் கூறினால், “இப்புதுப் பெயர் அப்புதுப் பொருளுக்கே உரியதாகும்” என்று ஊகித்து அதனை அது எடுத்துவந்ததாம்.

ரிக்கோவைப் பற்றிப் படித்த ஜோன் பில்லி என்ற அமெரிக்க உளவியற் பேராசிரியர், ஓய்வு பெற்ற பின்னர் ‘சேசர்’ என்ற குட்டியை வளர்த்து, நாளொன்றுக்கு நான்கைந்து மணி நேரம் அதற்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார். மூன்று ஆண்டுகளில் 1,022 விளையாட்டுப் பொருள்களின் பெயர்களை அது கற்றுக்கொண்டது. ‘எடு’, ‘மூக்கால் தொடு’, ‘காலால் தொடு’ என்னும் வினைகளையும் பிரித்தறிந்தது. பேராசிரியர் 2018இலும், சேசர் மறு ஆண்டிலும் மறைந்தனர்.

இச்செய்தியைப் படிப்பவர், “எத்துணைக் கெட்டிக்கார நாய்!” என்று வியந்துவிட்டு, அதற்கு முன்னுள்ள வரியை மறந்துவிடுவதுண்டு. நாளொன்றுக்கு நான்கைந்து மணி நேரம்! அதுவும் வாழ்நாள் முழுவதும் கற்பித்தலையே தொழிலாகக் கொண்ட ஒரு பேராசிரியரின் நேரம். நாய்க்கு ஆற்றல் இருந்தது. அந்த ஆற்றலுக்கு வேலை கொடுக்க ஒரு மனிதரும் இருந்தார். இரண்டும் சேர்ந்தபோதே வியப்பு விளைந்தது.

அறிவே சுமையாகும்போது

வேலை கொடுக்க மனிதர் இல்லாதபோது நேர்வது என்ன? அந்த அறிவு சும்மா இருப்பதில்லை. தானே ஒரு வேலையைத் தேடிக்கொள்கிறது. ஆடு இல்லையேல் முற்றத்தில் விளையாடும் சிறுவரை வளைத்துத் திரட்டும்; திரளாத பிள்ளையின் குதிக்காலைப் பற்களாற் கிள்ளும். வீதியிற் போகும் சைக்கிளையும் காரையும் ஓடிப்போன ஆடுகளாகக் கருதித் துரத்தும். இவ்வாறு சக்கரத்தில் அகப்பட்டு மடிந்த கொலி நாய்கள் பல. வீட்டுக்குள்ளே அடைத்துவைத்தாலோ, சுவரில் அசையும் நிழலையும், தரையில் விழும் ஒளிப்புள்ளியையும் மணிக்கணக்காக உற்றுநோக்கித் துரத்தும் ஒரு வகைப் பித்து இவ்வினத்தில் அடிக்கடி காணப்படுவதாக மிருக வைத்தியர்கள் கூறுவர். அப்பித்து ஒருமுறை பற்றிக்கொண்டால் நீக்குவது கடினம்.

அப்பொழுது எசமான் என்ன செய்கிறார்? “இது குழப்படி நாய்” என்று பெயர் சூட்டிச் சங்கிலியில் கட்டிவிடுகிறார். நாளொன்றுக்குப் பல மைல் மலையேறி ஓடும்படி நூறாண்டுகளாக உருவாக்கப்பட்ட பிராணி, ஆறடிச் சங்கிலியில் வட்டமிடுகிறது. பின்னர் குரைக்கிறது, அயலவர் குறைசொல்கின்றனர், ஒருநாள் யாருக்கோ கொடுக்கப்பட்டுவிடுகிறது. பிழை நாயினுடையதா?

இந்த அச்சம் நமக்கு மட்டும் தோன்றிய ஒன்றன்று. பிரித்தானிய நாய்க் கழகம் 1976இலும், அமெரிக்க நாய்க் கழகம் 1995இலும் இவ்வினத்தைத் தம் பட்டியலிற் சேர்த்துக் கண்காட்சிகளுக்கு அனுமதித்தபோது, வேலை நாய் வளர்ப்போர் பலர், சிறப்பாக அமெரிக்காவில், அதனை வன்மையாக எதிர்த்தனர். அழகுக்காகத் தேர்ந்து இனம்பெருக்கத் தொடங்கினால், உரோமம் மிஞ்சும், மூளை எஞ்சாது என்பது அவர்கள் வாதம். வேலையே இவ்வினத்தின் இலக்கணம் என்று அவர்கள் இன்றும் கூறுகின்றனர்.

உருவமும் பராமரிப்பும்

இனி, இந்நாயை உண்மையாகவே வளர்க்கக்கூடிய வசதி படைத்தவர்கள் அறியவேண்டியவற்றைச் சுருக்கமாகக் கூறுவோம்.

இது நடுத்தர உருவம் உடையது. தோள்வரை உயரம் 46 முதல் 56 சதமமீற்றர். நிறை 14 முதல் 20 கிலோகிராம். கறுப்பும் வெள்ளையும் மிகுதியாயினும், செம்பழுப்பு, சாம்பல், மூவண்ணம் முதலிய நிறங்களும் உண்டு. நீண்ட உரோமம் உடையது, குறுகிய உரோமம் உடையது என இரு வகை. இரண்டிலும் வெளியே மழையைத் தடுக்கும் முரட்டு உரோமமும், உள்ளே குளிரைத் தடுக்கும் மென்மையான பஞ்சு உரோமமும் இரட்டை அடுக்காக அமைந்திருக்கும். வாரத்துக்கு இரண்டு மூன்று முறையேனும் சீவிவிடவேண்டும். காதின் பின்புறத்திலும் தொடையிலும் சிக்கு விழும். உண்ணியும் தெள்ளும் ஒளிந்துகொள்ளும் இடங்களும் அவையே.

வெப்பம் மிகுந்த இடங்களிலே சிலர், “பாவம், வெக்கை” என்று இவ்வுரோமத்தை ஒட்ட மழித்துவிடுவர். அது தவறு. இரட்டை உரோமம் வெயிலையும் ஓரளவு தடுக்கிறது. உதிரும் பஞ்சு உரோமத்தைச் சீவி அகற்றுவதே முறை. நாய்க்கு மனிதரைப் போல் உடம்பெங்கும் வியர்ப்பதில்லை. நாக்கை வெளியே நீட்டி இரைப்பதனாலேயே உடற்சூட்டைத் தணிக்கிறது. இந்த இனத்துக்கு வேலையில் தன்னை மறக்கும் குணம் உண்டு. களைத்து விழும்வரை ஓடும். நிறுத்தும் பொறுப்பு மனிதனுடையது. உடற்பயிற்சியை அதிகாலையிலும் அந்தியிலும் வைத்துக்கொள்ளவேண்டும். தள்ளாடுதல், கடுமையாக இரைத்தல், ஈறு கடுஞ்சிவப்பாதல் ஆகிய குறிகள் கண்டால் உடனே நிழலுக்குக் கொண்டுசென்று, உடம்பு முழுவதையும் நீரால் நனைத்து, காற்றுப்படச் செய்து, மிருக வைத்தியரிடம் விரையவேண்டும். வெயிலில் நிறுத்திய காருக்குள் எந்த நாயையும் ஒரு கணமும் விட்டுச்செல்லலாகாது.

உணவு அளவாக இருக்கட்டும். கொழுத்த மேய்ப்பு நாய்க்கு இடுப்பு மூட்டு நோய் விரைவில் வரும். சமைத்த கோழி எலும்பு உடைந்து குடலைக் குத்தும். வெங்காயம், சொக்கலேற், திராட்சை ஆகியவை நாய்க்கு நஞ்சு. நாளொன்றுக்கு இரண்டு மணி நேரத்துக்குக் குறையாத ஓட்டமும் நடையும் வேண்டும். அதற்கு மேலாக மூளைக்கும் வேலை வேண்டும். பந்தை ஒரே விதமாக நூறு தடவை எறிவது மூளைக்கு வேலை ஆகாது. ஒளித்துவைத்த பொருளைத் தேடச் செய்தல், பெயர் சொல்லி எடுத்துவரச் செய்தல், இருக்கச் சொன்ன இடத்தில் பொறுத்திருக்கச் செய்தல் என்பன சிறந்தவை.

பரம்பரை நோய்கள் சில உண்டு. கொலி இனங்களிற் காணப்படும் கண் குறைபாடு ஒன்று பிறவியிலேயே தோன்றும். அதனைக் குட்டிப்பருவத்தில் வைத்தியரும், பரம்பரையலகுச் சோதனையும் கண்டுபிடித்துவிடலாம். வலிப்பு நோயும் சில வமிசங்களில் வருவதுண்டு. ‘மேர்ல்’ எனப்படும் சாம்பற்புள்ளி நிறத்தைக் கண்டு மயங்குவோர் பலர். அந்நிறமுள்ள இரு நாய்களை இணைசேர்த்தால், பிறக்கும் குட்டிகளில் சராசரி நாலில் ஒன்று அந்நிற அலகை இரு பக்கமிருந்தும் பெறும். அவ்வாறு பெற்ற குட்டி செவிடாகவோ குருடாகவோ இருக்கும் ஆபத்து மிகுதி. அழகுக்கு ஆசைப்பட்டு இக்கொடுமையைச் செய்வோரிடம் குட்டி வாங்குவதும் அக்கொடுமைக்குத் துணைபோவதே ஆகும். மேலும், ‘ஐவர்மெக்டின்’ என்ற பூச்சி மருந்து மிகுந்த அளவிற் சேரும்போது, கொலி இனங்களிற் சில நாய்களின் மூளையைத் தாக்கி உயிருக்கே உலைவைக்கும். போர்டர் கொலியில் இக்குறை அரிதாயினும், ஆட்டுக்கும் மாட்டுக்கும் வாங்கிய மருந்தை வைத்தியரைக் கேளாமல் நாய்க்குக் கொடுக்கவே கூடாது.

தடுப்பூசிகளைக் காலந்தவறாமல் போடவேண்டும் என்பதைச் சொல்லவும் வேண்டுமா? விசர்நாய்க்கடி நோய் நம் நாட்டில் இன்னும் முற்றாக ஒழிந்துவிடவில்லை. ஆதலால் அது எந்த இனத்து நாய்க்கும் பொதுவான கடமை.

நன்கு பேணப்பட்டால் இந்நாய் 12 முதல் 14 ஆண்டுகள் வாழும். ஒன்பதாம் வகுப்பில் வாங்கிய குட்டி, பிள்ளை பல்கலைக்கழகம் முடித்து உத்தியோகத்துக்குப் போகும்போதும் வாசலில் காத்திருக்கும் என்பது நினைவிருக்கட்டும்.

ஆசிரியருக்கும் மகளுக்கும்

இப்பொழுது கடிதத்துக்கு வருவோம். அன்பரே, “அது மலை நாய், நாங்களும் மலையில் வாழ்கிறோம்” என்று எழுதினீர்கள். குளிர் மட்டுமே கேள்வியாயின், உங்கள் ஊர் பொருந்தும். ஆனால், அந்த நாய்க்கு மலை என்பது குளிர் அன்று. மலை என்பது வேலை. ஆடும், அகன்ற வெளியும், நாள் முழுவதும் உடன் நடக்கும் மனிதனும் சேர்ந்ததே அதன் மலை. காலை முதல் பிற்பகல் இரண்டு மணிவரை ஆளில்லாத சிறு வளவில், அது மலையுச்சியிலே இருந்தாலும், அந்த நாய்க்கு அது சிறைச்சாலையே. ஆகவே எமது விடை: வேண்டாம். உறவினரின் அன்புக்கு நன்றி கூறி, குட்டியை மறுத்துவிடுங்கள்.

மகளுக்குச் சில வார்த்தைகள்: தங்கையே, இந்த விடை உனக்குக் கசக்கும். ஆனால், நீ ஆசைப்பட்டது எதற்கு என்று ஆற அமர எண்ணிப் பார். கறுப்பு வெள்ளை உரோமத்துக்கா? அன்று, உன் சொல்லைக் கேட்டு, உன் குறிப்பறிந்து நடக்கும் ஒரு துணைக்கு. அத்துணையைக் கடல்கடந்து தேடவேண்டியதில்லை. உங்கள் வீதியோரத்தில் தாயை இழந்தோ, எவராலோ கைவிடப்பட்டோ திரியும் குட்டி ஒன்று இல்லாமலா போகும்? நம் ஊர் நாய் நம் வெயிலையும் மழையையும் அறிந்தது, உரோமம் குறுகியது, வேலைவெறி பிடித்ததன்று, பிற்பகல் இரண்டு மணிவரை விறாந்தையில் உறங்கிக் காத்திருக்கவும் அதற்குத் தெரியும். அதனை மிருக வைத்தியரிடம் காட்டித் தடுப்பூசி போட்டு, வீட்டுக்குக் கொண்டு வா.

பிறகு நீயே அதற்கு ஆசிரியையாக இரு. பந்து, கயிறு, தேங்காய்ச் சிரட்டை என்று மூன்று பொருள்களை எடுத்துக்கொள். ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் காட்டு, சரியாக எடுத்தால் ஒரு சிறு துண்டு உணவும் ஒரு நல்ல சொல்லும் கொடு, தவறினால் கோபிக்காதே, அடிக்கவே அடிக்காதே. நாளொன்றுக்குப் பத்து நிமிடம் இரண்டு தடவை போதும். ஆறு மாதம் கழித்து அது எத்தனை பெயர்களைக் கற்றுக்கொண்டது என்று எமக்கு எழுது. 1,022 ஆகாது, ஐந்தோ பத்தோ ஆகலாம். ஆயினும், அந்த ஐந்து சொற்களும் நீ தந்த நேரத்தின் பயன் என்பதை நீ அறிவாய்.

ஒன்றை மட்டும் அந்த மலை மேய்ப்பர்களிடமிருந்து மறவாமல் எடுத்துக்கொள். வேலை முடிந்ததும் ‘போதும், வா’ என்று அழைத்து, ஓடிவரும் நாயின் தலையைத் தடவிக் கொடுப்பார்கள் அவர்கள். அது எந்த நாட்டு நாய்க்கும் விளங்கும் மொழி.

அடுத்த ஞாயிறு மற்றொரு பிராணியுடன் சந்திப்போம்.